விரோதம் உண்டோ

இந்த வருஷம் மழைக்கால அறிவிப்பை நானே எழுதி நானே படிக்கப் போகிறேன் என்று சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மோகனசுந்தரம் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“ஏம்புள்ள, உனக்கெதுக்கு அந்த வேலை? அந்தப் பிஜுகிட்ட மறுக்காப் போயி மல்லுக்கட்டப் போறயா?”

“அறிவிப்புத்தானுங்க. ஓடையத் தூர் வாருங்க, ஒடஞ்ச ஓட்டை மாத்துங்க, அட்டைக்கு உப்பு வாங்கி வெய்யுங்கன்னு சொல்றதுக்கு யாருகூட மல்லுக்கட்டோணும்?”

அவர் நம்பவில்லை. இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர் எப்படி நம்புவார்? ஆனால் தடுக்கவும் இல்லை. நான் ஒன்றை நினைத்துவிட்டால் குறுக்கே வந்து நிற்பவர் என்ன ஆவார் என்று அவருக்குத் தெரியும். தலையைக் குனிந்து ரசச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

எங்கள் குடியிருப்பு மூணாறுக்கு மேலே, ஏலத்தோட்டத்தை ஒட்டிய சரிவில் இருக்கிறது. ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் வாசல் மட்டத்துக்கு வரும். அப்படி அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். பாதி வீடுகள் கொச்சி, கோட்டயம் பக்கத்து மலையாளிகளுடையவை. மீதியில் பெரும்பாலானவர்கள் எங்களைப்போல் பாலக்காட்டுக் கிழக்கு எல்லையிலிருந்து வந்த தமிழர்கள். நாங்கள் எருத்தேன்பதியில் இருந்த தென்னந்தோப்பைக் கொழுந்தனாருக்கே விற்றுவிட்டு வந்தோம். அங்கே கிணறு வற்றி, போர் போட்ட இடத்திலெல்லாம் புழுதி பறந்தது. தண்ணீர் இருக்கிற ஊரில் கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்று ஆசைப்பட்டது நான்தான். ஆசைப்பட்டபடியே தண்ணீர் வந்தது, வீட்டுக்குள்ளேயே வந்தது.

அதைக் கொண்டுவந்து விட்டவன் பிஜு. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீடு. இளவயசு, நல்ல நிறம், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. சொந்த ஊர் கோட்டயம் பக்கம் என்பான். சந்தையில் தமிழ்க் கடைக்காரரிடம்கூட மலையாளத்தில்தான் பேரம் பேசுவான். அவன் பெண்சாதி நிமி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வெயில் காலத்தில், பொதுப் பாதை ஓரத்தில் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தேன். பிஜு ஜீப்பை அதன்மேல் ஏற்றிக்கொண்டு போனான். நான் நாலு வார்த்தை கேட்டேன், அவன் எட்டு வார்த்தை சொன்னான். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே வந்தால் அவன் செல்போனைப் பார்ப்பான், நான் மலையைப் பார்ப்பேன்.

மழைக்கு முந்தைய பொதுக்கூட்டம் வந்தது. எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்து, கை தூக்குவது ஒன்றும் கிடையாது. செய்ய வேண்டிய வேலையைப் படித்துவிட்டு, யாருக்காவது மறுப்பு உண்டா என்று ஒருமுறை கேட்பார்கள். வாய் திறக்கவில்லை என்றால் அந்த வேலை நிறைவேறிய மாதிரி. அன்றைக்குப் பிஜு எதையோ மலையாளத்தில் மளமளவென்று படித்தான். பைப்பு, மழைவெள்ளம், பார்க்கிங் என்று அங்கங்கே சில சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. திடீரென்று நிறுத்தி, என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டான்:

“கோமதி சேச்சிக்கு விரோதம் ஒந்நும் இல்லல்லோ?”

எவ்வளவு பெரிய மனசு இந்தப் பையனுக்கு என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் பழையதை மறந்து கேட்கிறானே, நானல்லவா முதலில் போய்ப் பேசியிருக்க வேண்டும்? எழுந்து நின்று, கேட்டவர்கள் எல்லாரும் நெகிழ்ந்துபோகிற மாதிரிச் சொன்னேன்:

“எனக்கு விரோதமெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க தம்பி. மனசுல எதையும் வெச்சுக்காதீங்க.”

எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டு சுட்டு, நெய் தடவி, சூடாக அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனும் வாங்கித் தின்றான். அந்த ஒப்புட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மலையாளத்தில் விரோதம் என்றால் மறுப்பு என்று எனக்குத் தெரியாது. பகை இருக்கிறதா என்று கேட்கிறான் என நான் நினைத்தேன். அவனோ, தன் புது பார்க்கிங் தளத்தில் விழும் மழை வெள்ளத்தை எல்லாம் பைப்பு போட்டு என் பின்சுவர்ப் பக்கம் திருப்பிவிட எனக்கு மறுப்பு உண்டா என்று கேட்டிருக்கிறான். இல்லை என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு, பலகாரமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மழை பிடித்த முதல் வாரத்திலேயே பின்சுவர் சரிந்தது. சேறு என் சமையலறைக்குள் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. கிராம அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், சுவர் எழும்பாமல் மழைக்காலத்தில் இங்கே ஆள் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எருத்தேன்பதிக்குப் போனோம், விற்ற தோப்புக்குள் இருக்கிற கொழுந்தனார் வீட்டுக்கு. அங்கே என் ஓரகத்தி சரஸ்வதி இருக்கிறாள். “மலை மேல பங்களா வாங்குனவிய நம்ம ஊட்டுத் திண்டுல படுக்கறாங்க பாருங்க” என்று பால்காரன்வரைக்கும் சொன்னாள். குளிக்கப் போனால் தண்ணீரை அளந்து ஊற்றச் சொன்னாள். மழைக்காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். என் வீட்டுக்காரர் கேட்காத மாதிரி இருந்தார். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

மழை ஓய்ந்து திரும்பி வந்ததும் கூட்டத்தில் கேட்டேன். பைப்பைத் திருப்பாமல் சுவர் கட்டினால் அடுத்த மழையில் அதுவும் போகும், நாங்கள் சரஸ்வதி வீட்டிலேயே காலத்துக்கும் கிடக்க வேண்டியதுதான் என்றேன். பிஜு எழுந்தான். எல்லார் முன்னாலும் கேட்டேனே, சேச்சியே விரோதமில்லை என்றாரே என்றான். நான் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன் என்றதற்கு, கையை விரித்து, தனக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். மலையாளிகளுக்கு அது நியாயமாகப் பட்டது. சில பேர் சிரித்தார்கள். நிறைவேறிய வேலையை அவன் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்று முடித்துவிட்டார்கள்.

வெளியே வந்தபோது பூபதிராஜா பக்கத்தில் நடந்து வந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து வடகரப்பதிக்காரர், இங்கே எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிறார்.

“ஆனா ஒண்ணுங்கக்கா,” என்றார். “எங்கூட்டுக்கு இரும்புக் கேட்டு வெக்கறப்ப எங்கிட்ட ‘ஒப்ஜெக்ஷன் உண்டோ’ன்னுதான் கேட்டான். தமிழாளுக அத்தன பேருகிட்டயும் அப்பிடித்தான் கேப்பான். உங்ககிட்ட மட்டும் எதுக்கு விரோதம்னு கேட்டானாமா?”

மறுநாள் ஓடை சுத்தம் செய்ய வந்த மிக்கேலிடம் பேச்சுக் கொடுத்தேன். மிக்கேல் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன், எங்கள் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்க்கிறான். பிஜுவுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேன். அவன் மண்வெட்டியை ஊன்றி, மேல்வீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“தெரியுமாவா? யாரும் இல்லாதப்ப என்னைய தமிழ்லதாம்மா ஏசுவாரு. நல்லா வக்கணையா ஏசுவாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீகம்மா, வேலை போயிரும்.”

அவனைச் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றைக்கே எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. தவறாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். ஒரு பொம்பளைக்கு எந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, அதைப் பொறுக்கி எடுத்து, சிரித்துக்கொண்டே நீட்டியிருக்கிறான். சுவரை வாங்காமல் விடக்கூடாது, அவனையும் விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அதன்பின் நான் சாதுவாகிவிட்டேன். பிஜுவைக் கண்டால் கும்பிட்டேன். நிமிக்கு ஊரிலிருந்து வந்த தேங்காய் கொடுத்தேன். பனிக்காலம் முடிந்ததும், மலையாள அறிவிப்பு தமிழாட்களுக்குப் பாதி புரிவதில்லை, இந்த முறை தமிழில் நான் எழுதிப் படிக்கிறேன், பிறகு நிமி அதை மலையாளத்தில் சொல்லட்டும் என்று கேட்டேன். பிஜுவுக்கு ஒரே சந்தோஷம். கிழவி அடங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பான். சேச்சி எழுதட்டும், நல்ல காரியம் என்றான்.

கூட்டம் சங்கக் கட்டடத்தில் நடந்தது. வெளியே முதல் மழைக்கான மூட்டம் போட்டிருந்தது. பின்மேசையில் பழம்பொரியும் சாயாவும் தயாராக இருந்ததால் யாருக்கும் கவனம் என்மேல் இல்லை. என் வீட்டுக்காரர் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார். அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்தது.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். கூரைத் தகரங்களின் ஆணியைச் சரிபார்க்க வேண்டும். கரண்டுக் கம்பியைத் தொடுகிற கிளைகளை வெட்ட வேண்டும். பொதுத் தொட்டியைக் கழுவ வேண்டும். அட்டை ஏறாமல் இருக்கப் பாதையோரப் புல்லைச் செதுக்க வேண்டும். யானை இறங்கினால் யாரும் டார்ச் அடித்து வேடிக்கை பார்க்கக்கூடாது. ஒவ்வொன்றையும் தமிழில் படித்துவிட்டு, கடைசியில் மட்டும் மலையாளத்தில், “ஆர்க்கெங்கிலும் விரோதமுண்டோ?” என்று கேட்டேன். நல்ல உச்சரிப்பு, நிமியிடமே கேட்டுப் பழகியிருந்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. முதல் ஐந்தும் அப்படியே நிறைவேறின. மலையாளிகள் பாதிப் பேர் நிமி பிறகு சொல்வாளே என்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவதை எடுத்தபோது தாளை மடித்து வைத்துவிட்டு, ஏட்டுத் தமிழ் மட்டும் தெரிந்த நிமிக்குப் பிடிபடாதபடி எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்.

“ஆறாவதுங்க. நம்ம செயலாளர் பிஜு தம்பி நேத்து எங்கூட்டுக்கு வந்தாருங்க. பைப்பை எங்க செவுத்துப் பக்கம் திருப்பி உட்டது தப்புத்தானுங்கக்கான்னு ஒத்துக்கிட்டாருங்க. மழைக்கு முன்னால அதைப் பேத்தெடுத்து, அவரு எடத்து வழியாவே ஓடைக்குக் கொண்டுபோயர்றேன்னாரு. புதுசாப் போட்ட தளத்தை ஒடைக்கறதா இருந்தாலும் பரவால்ல, உங்க செவுத்தையும் கல்லு வெச்சு நானே கட்டித் தாரேன்னு சொல்லிப்போட்டு, எங் கால்ல உழுந்தாருங்க. நல்ல மனசுங்க.”

பிறகு அதே குரலில், “ஆர்க்கெங்கிலும் விரோதமுண்டோ?” என்றேன்.

தமிழாட்கள் எல்லாரும் பிஜுவைப் பார்த்தார்கள். பூபதிராஜா வாயைப் பிளந்தவர் மூடவில்லை. மலையாளிகள் சாயா எப்போது வரும் என்று திரும்பிப் பார்த்தார்கள். பிஜு சிரித்த முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தான். ஆனால் காது சிவந்துவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன.

அவன் நிலைமை அவனுக்குப் புரிந்துவிட்டது. தமிழே தெரியாதவன் எப்படி மறுப்பான்? வாயை மூடியிருந்தால் வேலை நிறைவேறிவிடும். வாயைத் திறந்தால் போன கூட்டத்தில் சொன்னது பொய்யாகிவிடும். போன வருஷம் என்னை எந்த இடத்தில் நிறுத்தினானோ, அதே இடத்தில் நான் அவனை நிறுத்தியிருந்தேன். அவன் மூடியிருக்கத்தான் முடிவு செய்தான். புத்திசாலி. பைப்பு போனால் போகட்டும், பெயர் மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பான்.

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். அடுத்தது ஏழாவது என்று சொல்லியிருந்தால் சுவர் என்னுடையது. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் சேலையை மெல்ல இழுத்தார், போதும் என்று. எனக்குப் போதவில்லை. சரஸ்வதி அளந்து ஊற்றச் சொன்ன தண்ணீருக்குச் சுவர் மட்டும் எப்படி ஈடாகும்? மறுபடியும் வாயைத் திறந்தேன்.

“இன்னொண்ணும் சொன்னாருங்க. எங்கம்மா என்னைய ஒழுங்கா வளத்தியிருந்தா நான் இப்பிடிப் பண்ணியிருக்க மாட்டனுங்கன்னு, அவரு வாயாலயே சொன்னாருங்க.”

நாற்காலி பின்னால் விழுந்தது.

“எங்க அம்மைய எதுக்கு இழுக்கீக?” பிஜு நின்றுகொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “நான் எப்ப உங்க வீட்டுக்கு வந்தேன்? எப்ப கால்ல விழுந்தேன்? வாய் கூசாமப் பொய் சொல்லுதீகளே! எங்க அம்மையப் பத்தி இன்னொரு வார்த்த பேசுனீகன்னா நடக்கதே வேற!”

செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். சொன்னது புரியாவிட்டாலும் அது எந்த மொழி என்று எல்லாருக்கும் புரிந்தது. சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவனுக்கே கேட்டது.

முதலில் பேசியவர் ஏசுரத்தினம். எஸ்டேட் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கீழ் வரிசை வீட்டுக்காரர். அவருக்குச் சூதுவாது தெரியாது. நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

“ஏ தம்பி, இது நம்ம லயத்துப் பேச்சுல்லா! இத்தன நாளும் சொல்லவே இல்லியே. எந்த எஸ்டேட்டு? அம்மை கொழுந்தெடுத்தவுகளா?”

பிஜு குனிந்து விழுந்த நாற்காலியைத் தூக்கி வைத்தான். நிமி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. “பிஜூ,” என்றாள் மெதுவாக, “தமிழ் அறியாமோ?” தமிழ் தெரியுமா என்றுதான் கேட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பூபதிராஜா எழுந்து, நடந்ததை ஆதியிலிருந்து மலையாளத்தில் சொன்னார். நன்றாகச் சொன்னார். தமிழ் தெரியாது என்றவன் என் வீட்டில் மழைக்காலம் முழுக்க ஆளில்லாமல் செய்ததை எல்லாம் சொன்னார். போன கூட்டத்தில் சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து, சேச்சியின் சுவர் எழாமல் வேறு எந்த வேலையும் நடக்கக்கூடாது என்றார். யாரும் மறுக்கவில்லை.

ஏசுரத்தினம் கேட்ட கேள்வி எனக்குள்ளும் நின்றது. கொழுந்தெடுத்து வளர்த்த தாயை மறைத்துக்கொண்டு இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறான் என்றால், அவனுக்கு அது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்? ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது. அப்புறம் என் சமையலறையில் இடுப்பளவு நின்ற சேறு கண்முன் வந்தது. அந்தத் தாயின் பேச்சை ஊருக்கெல்லாம் மறைத்தவன், என் வீட்டை இடிக்க மட்டும் அதைப் பயன்படுத்தியிருக்கிறான். இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

பிஜு என் மேசைக்கு வந்தான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான்.

“அக்கா, பைப்ப எடுத்துருதேன். சுவரும் கட்டித் தாரேன். இத்தோட விட்டுருங்க.”

“மழைக்கு முன்னாலயா?”

“திங்கக்கெழமையே ஆள் விடுதேன்.”

என் வீட்டுக்காரர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். “வா கோமதி, போலாம்,” என்றார். நான் கண்ணாடியைக் கழற்றி மடித்து உறையில் வைத்தேன்.

“எங்கிட்ட மெதுவாச் சொன்னாப் பத்தாதுங்க தம்பி,” என்றேன். “எல்லாருக்கும் கேக்கறாப்புலச் சொல்லுங்க. மொதல்ல மலையாளத்துலச் சொல்லுங்க. அப்பறம் உங்கம்மாளுக்குப் புரியறாப்புல ஒருக்காச் சொல்லுங்க.”

அவன் என்னைப் பார்த்தான். விடமாட்டேன் என்று தெரிந்ததும் திரும்பி நின்றான். மலையாளத்தில் சரளமாகச் சொல்லி முடித்தான். தமிழில் தொடங்கியபோது குரல் உடைந்தது, இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது. நான் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.